பதினேழாவது வரிசை

மகன்,

இந்தக் கடிதத்தில் எங்காவது நான் நல்ல மனிதனாகத் தெரிந்தால், அது என் எழுத்தில் உள்ள கோளாறு என்று எடுத்துக்கொள். ஓ லெவல் பரீட்சையில் மூன்று பாடம் தேறாத ஒருவன் முதன்முறையாக நீளமாக எழுதுகிறான். வரும் வெள்ளிக்கிழமை நீ டப்ளினுக்குப் பறக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை; அதில் பிழையும் இல்லை. பதினாறு மாதமாக நம் தொலைபேசிப் பேச்சு இரண்டே வசனம். "ஈஸ் மம் தேர்?" என்பது உன்னுடையது. "பொறு, குடுக்கிறன்" என்பது என்னுடையது. இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் இதன் ஒரு பிரதி நம்முடைய தமிழ்ச் சபைப் பத்திரிகைக்கும், இன்னொன்று ஆங்கிலத்தில் அந்த மண்டபத்துப் பலகைக்கும் போகிறது. எதற்காக என்று முடிவில் உனக்கு விளங்கும்.

டெஸ்ஃபாயேயை நீ எப்படிச் சந்தித்தாய் என்பது உனக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் வாசிப்பதால் சொல்கிறேன். இறைச்சித் தொழிற்சாலையில், எலும்பு நீக்கும் மேசையில், எனக்குப் பக்கத்தில் நின்றவன் அவன். எத்தியோப்பியாவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். அங்கே இராணுவ ஆட்சிக் காலத்தில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தான் என்று பிடித்து, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளங்காலில் வயரால் அடித்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த ஈரத் தரையில் எட்டு மணி நேரம் நிற்கும்போது கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பான். நானும் மன்னாரில் ஒரு சோதனைச் சாவடியில் துவக்குப் பிடியால் வாங்கிக்கட்டியவன்தான். முதல் நாள் தேநீர் வேளையில் அவன் காலைக் காட்டினான், நான் விலாவைக் காட்டினேன். வேறு ஆட்கள் பிள்ளைகளின் படத்தைக் காட்டிப் பழகுவார்கள். நாங்கள் இப்படிப் பழகினோம். அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் "அண்ணை". கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டான். எங்களுக்குள் ஓடியது உடைந்த ஆங்கிலம். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கும், அப்படியே எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில் இறைச்சி சுற்றும் தாளில் அவன் தன் எழுத்தை எழுதிக் காட்டினான். நம் க, கா, கி, கீ மாதிரியே ஓரெழுத்து ஏழு விதமாகக் கையும் காலும் முளைத்து நின்றது. முப்பத்துச் சொச்சம் வரிசை, வரிசைக்கு ஏழு. "இது கொம்பியூட்டரில இல்லை அண்ணை," என்றான். "ஆளாளுக்கு ஒரு கணக்கில போடுறாங்கள். ஒருத்தன் அனுப்பினா மற்றவன்ட மெசினில பூச்சி புழு மாதிரி வருது." நான் உடனே, "என்ர மகன் செய்வான்," என்றேன். உன்னைக் கேட்காமல் உன்னை விற்றது அதுவே முதல் தடவை அல்ல. அப்போது உனக்குப் பதினெட்டு வயது. உன் கணினி இருந்த நம் வீட்டுக் கராஜுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்த நீ, மூன்றாம் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பி வரவில்லை.

பெரெகெத்தைக் கூட்டிவந்ததும் டெஸ்ஃபாயேதான். பெரெகெத் எரித்திரியாக்காரன், டாக்ஸி ஓட்டியவன். தன் நாட்டுக்காக டெஸ்ஃபாயேயின் நாட்டு இராணுவத்தோடு மலையில் சண்டை போட்டவன்; தொடையில் இரும்புத் துண்டு ஒன்று இன்னும் இருந்தது. மொழி வேறு, எழுத்து ஒன்றுதான்; அவன் மொழிக்கு மட்டும் சில எழுத்து அதிகம். "என்ர எழுத்து இல்லாமல் நீ மட்டும் போடப் பாக்கிறியோ?" என்று கேட்டுக்கொண்டுதான் முதல் நாள் கராஜுக்குள் வந்தான். ஒருவரை ஒருவர் சுட்டிருக்கக்கூடிய இரண்டு பேர் ஒரே திரைக்கு முன்னால் குந்தியிருந்து, ஓர் எழுத்தின் காலை ஒரு புள்ளி நீட்டுவதா வெட்டுவதா என்று அடிபட்டார்கள். நீ நடுவில் இருந்து எழுத்துகளை வரைந்து அட்டவணையில் போட்டாய். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். கணினி எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கும், அந்த எண்ணுக்கு நேரே எந்தப் படம் இருக்கிறதோ அதைத்தான் திரையிலும் தாளிலும் காட்டும் என்று எனக்கும் விளங்கப்படுத்தினாய். எனக்கு விளங்கியது என்பதுதான் பிறகு வந்த அழிவுக்கெல்லாம் காரணம். ஒன்றும் விளங்காமல் இருந்திருந்தால் ஒரு தீங்கும் செய்திருக்க மாட்டேன்.

தொண்ணூற்றெட்டில் அந்த இரண்டு நாடுகளுக்கும் எல்லையில் சண்டை தொடங்கியது. கராஜில் பேச்சுக் குறைந்தது, ஆனால் இருவரும் வந்தார்கள். பிறகு டெஸ்ஃபாயேயின் தம்பி முலுகெட்டா எல்லையில் செத்த செய்தி வந்தது. இருபத்திரண்டு வயது. உடல் கிடைக்கவில்லை, ஒரு கால் கிடைத்ததாம். அந்தக் கிழமை டெஸ்ஃபாயே மேசையில் கத்தியை இழுத்த விதத்தைப் பார்த்து மேற்பார்வையாளன் அவனுக்கு இரண்டு இரும்புவலைக் கையுறை கொடுத்தான். நம் ஆட்கள் முப்பத்தோராம் நாள் செய்வதுபோல் அவர்களுக்கு நாற்பதாம் நாள் நினைவு வழிபாடு. அதற்கான செபத்தாளைக் கராஜில் இருந்து தட்டச்சு செய்துகொடுத்தவன் பெரெகெத். அவனாகவே கேட்டு வாங்கிச் செய்தான். "எங்கட ஆக்கள் சுட்டது. நான் அவன்ட பேரையாவது ஒழுங்கா எழுதிறன்," என்று உன்னிடம் சொன்னதாக நீ அம்மாவிடம் சொன்னாய். வெள்ளிக்கிழமை அடித்து முடித்தான். சனிக்கிழமை நீ வேலை முடிந்து வந்து அச்சடித்து அறுபது பிரதி எடுப்பதாக ஏற்பாடு.

இனி நான் எழுதப்போவது இன்றுவரை உனக்குத் தெரியாதது. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் நீ பெட்ரோல் நிலையத்தில் வேலைக்கு நின்றாய். அம்மா கிளென்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கராஜில் தேநீரோடு அந்த அட்டவணைக்கு முன்னால் இருந்தேன். திரையின் மேல் ஒட்டியிருந்த தாளில் நீ எழுதியிருந்தது எனக்கு வாசிக்கத் தெரியும்: டோன்ட் டச், டாட். நான் ஒன்றையும் தொட நினைக்கவில்லை, பார்க்கத்தான் நினைத்தேன். பார்த்தால் பட்டியல் 'ஹ'வில் தொடங்குகிறது. அவர்களுடைய 'அ' எது என்று டெஸ்ஃபாயே காட்டியிருந்தான். அது கீழே, பதினேழாவது வரிசையில் கிடக்கிறது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. அரிச்சுவடி 'அ'வில் தொடங்காமல் வேறெதில் தொடங்கும்? பாவங்கள், சண்டைக்கும் சாவுக்கும் நடுவில் அடுக்க மறந்துபோனார்கள் என்று நினைத்தேன். ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஒரு கண்டத்தில் ஓதிவந்த வரிசையை, மன்னாரில் மூன்று பாடம் தேறாத நான் திருத்தினேன். முந்திய கிழமை நீ ஒரு பிரதியில் வரிசைகளை நகர்த்திப் பரிசோதித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். அதேபோல் பதினேழாவது வரிசையை வெட்டினேன், தலைப்பில் ஒட்டினேன், சேமித்தேன். மேலே இருந்த பதினாறு வரிசையும் ஒவ்வோர் இடம் கீழே இறங்கின; பெரெகெத் அடித்துவைத்த எண்களுக்கு நேரே இப்போது வேறு எழுத்துகள். எனக்கு நான் நல்ல பிள்ளையாகத் தெரிந்தேன். எழும்பிப் போய் இன்னொரு தேநீர் ஊற்றினேன். நீ ஆறு மணிக்கு வந்து அவசரமாக அச்சடித்துக்கொண்டு போனாய். அந்த எழுத்து உனக்கு வரையத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள் வழிபாடு நடந்த மண்டபத்தில், நாமும் போயிருந்தோம், தாள்களைக் கொடுத்தார்கள். வாசிக்க எழும்பிய பெரியவர் முதல் வரியிலேயே திக்கி நின்றார். பின்வரிசையில் ஒரு சிறுமி தாளைப் பார்த்து உரக்க வாசித்தாள்; செத்தவனுடைய பெயர் இருந்த இடத்தில் "ஹுஹு" என்று தொடங்கும் ஏதோ ஒன்று வந்தது. பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டெஸ்ஃபாயே எழும்பினான். அவன் சத்தம் போடவில்லை. "மெசின் பிழைவிட்டா முழுக்கப் பிழையா வரும்," என்றான். "இதில பாதி சரி, பாதி பிழை. இது மனுசன் செய்தது." பெரெகெத்தின் முகத்துக்கு நேரே தாளைப் பிடித்தான். "தம்பியைத்தான் சுட்டியள். பேரோடயும் விளையாடவேணுமோ?" பெரெகெத், "அம்மாவாணை, நான் ஒழுங்காத்தான் அடிச்சனான்," என்றான். அப்போதுதான் என் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். 'அ' எனக்குத் தெரியும். அது இருக்கக்கூடாத இடமெல்லாம் இருந்தது. தாளை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன்.

டெஸ்ஃபாயே வெளியே போனான். தம்பிக்காக அழப் போகிறான் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவனுடைய வேலைப் பை காரில் இருந்தது எனக்குத் தெரியும். பைக்குள் என்ன இருக்கும் என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமை அந்தக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவனே நான்தான். தீட்டுவதில் தொழிற்சாலையில் என்னை அடிக்க ஆளில்லை. கார்வரை போய்த் திரும்பிவர ஒரு நிமிடமாவது எடுத்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் "நான்தான்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தான். முதல் வீச்சு கன்னத்தில். இரண்டாவதைப் பெரெகெத் இடது கையால் பிடித்தான், அலகையே பிடித்தான். டெஸ்ஃபாயே இழுத்தான். எலும்பிலிருந்து தசையைப் பிரிக்கும் அந்தச் சத்தத்தை நான் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்பவன். உயிருள்ள ஆளில் கேட்டது அன்றுதான். நான் விலக்குப் பிடிக்கப் பாய்ந்தேன். பாய்ந்தேன் என்று பெருமையாக எழுதுகிறேன், யாரோ முழங்கையால் இடிக்கச் சாப்பாட்டு மேசைமேல் விழுந்து, பருப்புக் கறியோடு தரையில் கிடந்தேன். நீதான் உன் சட்டையைக் கழற்றிப் பெரெகெத்தின் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாய். டெஸ்ஃபாயே கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் போலீஸ் வரும்வரை கதிரையில் இருந்தான். தன் சொந்தக் காலையே திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தான், வெறும் முட்டியால்.

அன்று பின்னேரம் கராஜில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் அதன் பாதிதான் தெரியும். நீ அட்டவணையைத் திறந்து பார்த்து வெளிறிப்போனாய். "டாட், ஐ திங்க் ஐ டிட் இட்," என்றாய். முந்திய கிழமைப் பரிசோதனைப் பிரதியைத் தவறுதலாக அதன்மேல் சேமித்துவிட்டதாக நீயே முடிவு செய்தாய். என் வாயிலிருந்து உண்மை வரவேண்டிய இடத்தில் கை வந்தது. புறங்கையால் அடித்தேன். நீ விழவில்லை. என்னைவிட ஒரு சாண் உயரமானவன், கையை உயர்த்தக்கூட இல்லை, அதனால் இன்னும் அடித்தேன். "கவலையீனம்! உன்ர கவலையீனத்தால ஒரு மனுசன்ட கை போச்சு!" என்று கத்தினேன். மூன்றாவது அடியில் உன் முன்பல் உடைந்தது. இதை மறைத்து என்ன பயன்: அடிக்கும்போது எனக்குச் சுகமாக இருந்தது. ஒவ்வொரு அடியும் அந்தப் பிழையை என் மேலிருந்து உரித்து உன் மேல் போர்த்துவது மாதிரி இருந்தது. சாவடியில் என்னை அடித்த ஆமிக்காரனின் முகத்தில் ஒருவகை நிம்மதி தெரிந்தது. எனக்கு அது ஏன் என்று பதினைந்து வருடமாக விளங்கவில்லை. அன்று விளங்கியது.

நீ இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "ஹேங் ஆன்," என்று திரைக்குத் திரும்பினாய். கோப்பு கடைசியாகச் சேமித்த நேரத்தைப் பார்க்கப் போனாய். ஒவ்வொரு கோப்பிலும் நேரம் இருக்கும் என்று எனக்கும் நீ சொல்லித் தந்திருந்தாய். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்று அது காட்டும். நீ அப்போது பெட்ரோல் நிலையத்தில். நான் அந்தக் கணினிப் பெட்டியை வயரோடு தூக்கிச் சீமெந்துத் தரையில் அடித்தேன். பிறகு காலால். பிறகு மூலையில் கிடந்த இரும்புக் கம்பியால். கோபத்தில் உடைத்தேன் என்று நீ இதுவரை நினைத்திருப்பாய். கோபம் இல்லை மகன். கணக்குப் பார்த்து உடைத்தேன். இரண்டு வருட வேலை, மூன்று பேருடைய கண், அதோடு நீ குற்றமற்றவன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளைக்கு அடிக்கிற அளவுக்கு நீங்கள் என்னப்பா செய்தனீங்கள்?" அவன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை, நான் என்ன செய்தேன் என்று கேட்டாள். இருபத்துமூன்று வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். நான் விளக்குமாற்றை எடுத்து உடைந்த துண்டுகளைக் கூட்டினேன். நீ அன்றைக்கே எப்சமில் நண்பன் வீட்டுக்குப் போனாய்.

அடுத்த ஞாயிறு நான் அதே மண்டபத்தில் எழும்பி நின்று, "என்ர மகன்ட பிழை, அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்," என்றேன். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். எப்சம், கிளென்ஃபீல்ட் என்று தமிழ் வீடுகளிலும் அதையே பெருமூச்சோடு சொன்னேன். பிள்ளையின் பிழையைச் சுமக்கும் தகப்பன் என்று எனக்கு ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதையோடு ஒரு வருடம் தேநீர் குடித்தேன். டெஸ்ஃபாயேக்கு மூன்று வருடம் சிறை. பிழை உன்னுடையது என்று நீயே சிறைக்குப் போய்ச் சொல்லியும் அவன் நம்பவில்லை. நல்ல பெடியன், கூட்டாளி பெரெகெத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்றானாம்.

இந்த வருடம் அந்த எழுத்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான எண்கள் கிடைத்துவிட்டன என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். எங்கெங்கோ இருந்தவர்கள் உழைத்து முடித்திருக்கிறார்கள், நம் கராஜ் இல்லாமலே. நூலகத்தில் ஒரு பெண் பிள்ளையைக் கெஞ்சிப் பட்டியலைத் திரையில் எடுத்துப் பார்த்தேன். 'ஹ'வில்தான் தொடங்குகிறது. 'அ' நடுவில், தன் இடத்தில் இருக்கிறது. ஒருமுறை கொடுத்த எண்ணைப் பிறகு யாரும் நகர்த்தக்கூடாது என்பது விதியாம். என்னைப் போன்ற ஆட்களை நினைத்துத்தான் போட்டிருப்பார்கள். அந்தத் திரைக்கு முன்னால் இருந்து அழுதேன். அந்தப் பெண் எனக்கு ஆபிரிக்காவில் உறவினர் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கிளென்ஃபீல்டையும் தாண்டி வடக்கே சிறைச்சாலைக்குப் போனேன். டெஸ்ஃபாயே "அண்ணை" என்று சிரித்துக்கொண்டு வந்து இருந்தான். சொன்னேன். "இவ்வளவு நாளும் நான் தம்பிக்காக ஒருத்தனை வெட்டினனான் எண்டு படுத்தெழும்பினன்," என்றான். "இப்ப என்ன சொல்லுறியள்? நான் ஒரு கூட்டாளியைச் சும்மா வெட்டினனானோ?" தன் நெற்றியை மேசையில் ஓங்கி இடித்தான், இரண்டாம் தரம் இடிக்கும்போது காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். போகும்போது அவர்களிடம், "இந்த ஆள் இனி வரக்கூடாது எண்டு எழுதுங்கோ," என்றான். உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. அது ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறும். ஆனாலும் சொல். தாமதிக்கத் தாமதிக்க அதன் எடை கூடும் என்பது மட்டும்தான் நான் கண்டது.

பெரெகெத்தின் வீடு மனுகாவில். இடது கையில் மூன்று விரல் மடங்காது, டாக்ஸியை விட்டுவிட்டான். வாசலில் நின்றபடியே கேட்டான். முடிவுவரை கேட்டுவிட்டு, நல்ல கையால் என் கழுத்துச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அடித்தான். பின்மண்டை பிளந்தது, நான்கு தையல், இப்போதும் சீப்பு மாட்டுகிறது. நான் தடுக்கவில்லை. "மகனுக்குச் சொல்லிட்டியோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப என்னட்ட ஏன் முதல் வந்தனி? நான் அடிப்பன், அடி வாங்கினா முடிஞ்சுது எண்டுதானே?" பிறகு சட்டையை விட்டான். "அவன் ஒவ்வொரு கிழமையும் ஆஸ்பத்திரிக்கு வந்தவன். என்ர விரலைப் பாத்துப் பாத்து அழுதவன். அது உன்ர அழுகை. பிள்ளையைக் கொண்டு அழுவிச்சனி. எங்க நிண்டு அவன்ட பிழை எண்டு சொன்னியோ, அங்க நிண்டு மாத்திச் சொல்லு." கதவைச் சாத்திவிட்டான்.

ஆகவே மண்டபத்துப் பலகையில் ஒரு பிரதி, சபைப் பத்திரிகையில் ஒரு பிரதி. எல்லோருக்கும் தெரியட்டும்: அட்டவணையை மாற்றியவன் நான். நீ எதையும் தவறாகச் சேமிக்கவில்லை. டப்ளினில் நீ வேலை செய்யப்போகும் இடத்திலும் ஒவ்வொரு கோப்பையும் ஏழு தரம் திறந்து பார்க்கிற பழக்கம் உனக்கு இருக்கும் என்று அம்மா பயப்படுகிறாள். இப்போதே அப்படித்தான் செய்கிறாயாம். ஒரு தரம் பார், போதும். உன் கை நல்ல கை. அதை நீயே நம்பாமல் போகச் செய்தவன் நான்.

மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அது உன் சுபாவம், அதையும் நான் ஒருமுறை பயன்படுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு வருவேன். அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்காமல், கொஞ்சம் தள்ளி, நீ கடந்து போக வேண்டிய பாதையில் நிற்பேன். பேசாமல் கடந்துபோனால் அதுவும் சரி. அடிக்க வேண்டும்போல் இருந்தால் சனம் பார்க்கிறது என்று யோசிக்காதே. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா